கடலில் விதைத்த ஊர்



தெருப் பெயர்ப் பலகைகளில் இன்றும் பிரெஞ்சு எழுத்து நிற்கிற புதுச்சேரியில் நின்று பேசுகிறேன். இங்கே பிரான்சைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பாரிஸைச் சொல்வார்கள், புரட்சியைச் சொல்வார்கள், நெப்போலியனைச் சொல்வார்கள். நான் சொல்ல வந்திருப்பது ஒரு மீனவ ஊரின் கதை. அதன் பெயர் கான்கால். பிரான்சின் வடமேற்கில், பிரித்தானி மாநிலத்தில், சேன் மாலோ துறைமுகத்துக்குச் சற்றுக் கிழக்கே, ஐயாயிரத்துச் சொச்சம் பேர் குடியிருக்கும் சின்ன ஊர். அதன் புகழுக்கெல்லாம் காரணம் ஒன்றே ஒன்றுதான்: சிப்பி. நாம் அறிந்த முத்துச்சிப்பி இல்லை, உண்ணும் சிப்பி.

கடல் தந்ததை அள்ளிக்கொண்ட ஊர்கள் உலகத்தில் ஆயிரம் உண்டு. அள்ளி அள்ளிக் கடலைக் காலி செய்த ஊர்களும் ஆயிரம் உண்டு. காலியான கடலில் விதை போட்டு, அதை மறுபடி விளைய வைக்கக் கற்ற ஊர்கள் எத்தனை? கான்கால் அப்படிக் கற்ற ஊர். அது எப்படிக் கற்றது, யாருடைய கைகளால் கற்றது என்பதுதான் இன்று என் பேச்சின் பொருள்.

முதலில் அந்தக் கடலைப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்குள் முடிந்துவிடும். கான்கால் இருப்பது மோன் சேன் மிஷேல் விரிகுடாவில். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 14 மீட்டர் வரை வித்தியாசம் வரும். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏற்ற வற்றங்களில் அது ஒன்று. நான்கு மாடி வீட்டு உயரத்துக்குத் தண்ணீர் வருகிறது, ஆறு மணி நேரத்தில் போய்விடுகிறது. நாளுக்கு இரண்டு முறை, ஆண்டு முழுவதும், நூற்றாண்டு நூற்றாண்டாக.

ஊர் இரண்டு தட்டாக இருக்கிறது. மேலே குன்றின் மேல் கோயிலும் கடைத்தெருவும். கீழே கடலோரத்தில் லா ஊல் என்கிற துறை. கடல் வற்றுகிற நேரத்தில் லா ஊல் கரையில் நின்றால், சற்று முன்பு படகு மிதந்த இடத்தில் சேறும் மணலும் விரிந்து கிடக்கும். அந்தச் சேற்றில் வரிசை வரிசையாக இரும்பு மேசைகள் தலைகாட்டும். முழங்கால் உயரந்தான் இருக்கும். ஒவ்வொரு மேசையின் மேலும் கறுத்த வலைப் பைகள். பைக்குள் சிப்பிகள். கரையிலிருந்து டிராக்டர்கள் கடலுக்குள் இறங்கும். ஆம், கடல் இருந்த இடத்தில் டிராக்டர்! ரப்பர் பூட்ஸ் போட்ட ஆணும் பெண்ணும் பையைத் தூக்கி உதறுவார்கள், புரட்டிப் போடுவார்கள், பாசியைத் தட்டிவிடுவார்கள். தண்ணீர் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். அங்கே வேலை நேரத்தைக் கடிகாரம் சொல்வதில்லை, நிலா சொல்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டி வருகிற பெரிய வற்றங்களில்தான் கடைசி வரிசை மேசை வரைக்கும் போக முடியும்.

இந்த மேசைகள் வந்தது பிற்காலத்தில். அதற்கு முன்பு சிப்பி யாரும் வளர்க்காமலேயே விளைந்தது. விரிகுடாவின் அடியில் தட்டைச் சிப்பி என்கிற நாட்டு இனம் திட்டுத் திட்டாகப் படிந்து கிடந்தது. அதன் சுவை அரண்மனை வரை போயிற்று. மன்னன் முதலாம் பிரான்சுவா, தன் பந்திக்குச் சிப்பி அனுப்பியதற்காக 1545இல் கான்காலுக்கு நகரம் என்கிற தகுதியை வழங்கினான். ஒரு கிராமம் நகரமானது கோட்டையாலும் இல்லை, சந்தையாலும் இல்லை, சிப்பியால்! பின்னால் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனைக்கும் கான்கால் சிப்பி போயிற்று. ரயில் இல்லாத காலம், ஐஸ் ஆலை இல்லாத காலம். களைக்காத குதிரைகளை வழியெங்கும் மாற்றி மாற்றிப் பூட்டி, இரவும் பகலும் வண்டியை விரட்டினார்கள். சிப்பி இறுக மூடிக்கொண்டால் தன் நீரைத் தானே காத்துக்கொண்டு சில நாள் உயிரோடிருக்கும். அந்தச் சில நாளுக்குள் பாரிஸைப் பிடித்தாக வேண்டும்.

பாரிஸில் சிப்பி வந்து இறங்கிய இடம் மோந்தோர்கய் தெரு. 1804இல் அங்கே ஓர் உணவகம் தொடங்கினார்கள். பெயர் ‘கான்கால் பாறை’. கான்காலுக்கு எதிரே கடலில் நிற்கும் பாறையின் பெயரைத் தலைநகரத்துக் கடைக்கு வைத்தார்கள். நாவலாசிரியர் பால்சாக் தன் பாத்திரங்களை அடிக்கடி அங்கேதான் விருந்துக்கு உட்கார வைப்பார். 1864இல் சேன் மாலோவுக்கு ரயில் வந்தது. இனி நாள் கணக்கு வேண்டாம், மணிக்கணக்கு போதும் என்றாயிற்று. ஒரு பொருளைத் தேடி ரயில் வந்தால், அந்தப் பொருள் அதே இடத்தில் அதே அளவில் இருக்குமா?

இருக்காது. அதற்கு முன்னேயே இருக்கவில்லை. தட்டைச் சிப்பியைப் பிடிக்கிற கருவி ஓர் இழுவை: அடியில் இரும்புச் சட்டம், பின்னால் பை. அதைப் பாய்மரப் படகில் கட்டிக் கடலடியை வாரிக்கொண்டு போவார்கள். பெரிய சிப்பி, சின்னச் சிப்பி, நேற்று ஒட்டிய குஞ்சு, எல்லாம் ஒரே பையில் வரும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே திட்டுகள் மெலியத் தொடங்கின. அரசு தடை போட்டது. கோடை மாதங்களில் பிடிக்கக் கூடாது என்றது. ஏன் கோடை? தட்டைச் சிப்பி கோடையில்தான் இனம் பெருக்கும். தன் குஞ்சுகளைச் சில நாள் ஓட்டுக்குள்ளேயே வைத்து அடைகாத்து, பிறகுதான் கடலில் விடும். அந்த நேரத்தில் ஒரு சிப்பியை எடுப்பது இலட்சக்கணக்கான சிப்பியை எடுப்பதற்குச் சமம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விதி இன்னும் இறுகியது. ஆண்டுக்கு ஒரு முறை, ஈஸ்டரை ஒட்டி, குறித்த சில நாட்கள், குறித்த சில மணி நேரம் மட்டுமே சிப்பி வாரலாம். அந்த நாட்களுக்குக் ‘காரவான்’ என்று பெயர். காவல் கப்பல் சைகை காட்டும் வரை ஒரு படகும் இழுவையை இறக்கக் கூடாது. சைகை கிடைத்ததும் நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றாகப் பாய் விரிக்கும். அந்தப் படகுக்குப் பிஸ்கின் என்று பெயர். மூன்று பாய்மரம், உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய பாய்கள். பிரான்சின் மீன்பிடிப் படகுகளில் இவ்வளவு பாய் சுமந்தது வேறில்லை என்பார்கள். ஏன் அவ்வளவு பாய்? கடலடியில் இரும்பை இழுக்கக் காற்றின் வலு வேண்டும். கொடுத்த மணி நேரத்துக்குள் அள்ள வேகம் வேண்டும். விதி இறுக இறுகப் பாய் பெருத்தது என்று நான் நினைக்கிறேன். அந்தப் படகுகள் மறைந்து போயின. ஆனால் ஊர்க்காரர்கள் விடவில்லை. 1905இல் கட்டப்பட்ட ஒரு பிஸ்கினை அடியொற்றிப் புதிதாக ஒன்றைக் கட்டி 1987இல் நீரில் இறக்கினார்கள். அதன் பெயர் லா கான்கலேஸ், அதாவது கான்கால் பெண். 300 சதுர மீட்டருக்கும் மேலான பாயோடு இன்றும் அது விரிகுடாவில் ஓடுகிறது.

படகுக்குப் பெண்ணின் பெயர் பொருத்தமானதா? மிகவும் பொருத்தமானது. ஏன் என்று சொல்கிறேன்.

கான்கால் ஆண்களில் பெரும்பாலோர் வருடத்தில் பாதிக்கு மேல் ஊரில் இருக்கமாட்டார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்துக் கடலுக்குக் காட் மீன் பிடிக்கப் போவார்கள். குளிர்காலம் முடியும்போது புறப்பட்டால் இலையுதிர்காலத்தில்தான் திரும்புவார்கள். திரும்பாதவர்களும் உண்டு. கரையில் இருந்தது யார்? பெண்கள், கிழவர்கள், குழந்தைகள். படகுகள் வாரிவந்த சிப்பியைக் கரையோரத்தில் குவியலாகக் கொட்டிவிட்டுப் போகும். கடல் வற்றும். பெண்கள் கூடையோடு இறங்குவார்கள். உறைய வைக்கிற குளிரில் குனிந்து குனிந்து ஒவ்வொரு சிப்பியாகப் பொறுக்குவார்கள். பெரியது விற்பனைக்கு. சின்னது கரையோரப் பாத்திக்கு, வளரட்டும் என்று. இதை நன்றாகக் கவனியுங்கள். சின்னதைத் தூக்கி எறியாமல் பாத்தியில் போட்ட அந்தக் கை இருக்கிறதே, கான்காலின் சிப்பி வளர்ப்பு அந்தக் கையில்தான் பிறந்தது. அரசாணையில் பிறக்கவில்லை, ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை.

1877 கோடையில் 21 வயது இளைஞர் ஒருவர் இந்த ஊருக்கு வந்தார். ஜான் சிங்கர் சார்ஜென்ட் என்று பெயர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர். அவர் அரசனை வரையவில்லை, பாரிஸ் சீமாட்டியை வரையவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு ஈர மணலில் நடந்து போகும் கான்கால் பெண்களையும் பிள்ளைகளையும் வரைந்தார். மணலில் தேங்கிய நீரில் வானம் கிடக்கிறது, பின்னால் கலங்கரை விளக்கம் தெரிகிறது. 1878இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்தப் படம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. ஊரிலும் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு. கோயிலுக்கு முன்னால் நீரூற்றில், சிப்பி கழுவும் பெண்களின் சிலை. ழான் ஃப்ரெயூர் என்கிற சிற்பி செய்தது. தளபதிகளுக்குச் சிலை வைத்த ஊர்களை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். சிப்பி கழுவியவர்களுக்குச் சிலை வைத்த ஊரைப் பார்த்திருக்கிறோமா?

இன்னொரு கான்கால் பெண்ணையும் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. 1792இல் அங்கே ஒரு மீனவர் வீட்டில் ழான் ழுகான் என்கிற பெண் பிறந்தாள். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே தகப்பனைக் கடல் கொண்டுபோயிற்று. வளர்ந்து, வீட்டு வேலை செய்து பிழைத்து, 1839இல் சேன் மாலோவுக்குப் பக்கத்தில், பார்வையிழந்த ஒரு முதியவளைத் தன் சிறிய வீட்டுக்குத் தூக்கிவந்து தன் கட்டிலைக் கொடுத்தாள். அதிலிருந்து ஏழை முதியோரைக் காக்கும் ஒரு துறவியர் சபையே வளர்ந்தது. அந்த முதியவர்களுக்குச் சோறு போட, கூடையை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கூடை சுமப்பது கான்கால் பெண்ணுக்குப் புதிதா என்ன? 2009இல் அவளைப் புனிதர் என்று திருச்சபை அறிவித்தது. அந்தச் சபையின் முதியோர் இல்லங்கள் சென்னையிலும் கொழும்பிலும் இருக்கின்றன. அங்கே பராமரிக்கப்படும் நம் தாத்தா பாட்டிகளுக்கும் கான்காலுக்கும் அப்படியொரு உறவு.

இனி, விதைத்த கதைக்கு வருவோம்.

1850களில் பிரான்சின் கரைகளில் பல இடங்களில் சிப்பித் திட்டுகள் அழிந்துகொண்டிருந்தன. அப்போது விக்தோர் கோஸ்த் என்கிற உயிரியல் பேராசிரியர், இத்தாலியில் பழங்காலம் தொட்டுச் செய்துவந்த சிப்பி வளர்ப்பை நேரில் பார்த்துவிட்டு வந்து, மூன்றாம் நெப்போலியனிடம் சொன்னார்: கடலிலும் பயிர் செய்யலாம். 1858இல் கான்காலுக்கு மேற்கே உள்ள சேன் பிரியோ விரிகுடாவில் சோதனை நடந்தது. சிப்பிக் குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்து திரியும். பிறகு சுத்தமான, கெட்டியான ஒரு பரப்பைத் தேடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு தானாக நகராது. ஆகவே ஒட்டுவதற்கு ஒரு பரப்பைக் கொடுத்தால் போதும், குஞ்சு நம் கைக்கு வந்துவிடும். ஆனால் ஒட்டியதைப் பிய்த்தெடுத்தால் ஓடு நொறுங்குமே? தென்மேற்கே ஆர்க்கஷோன் என்கிற ஊரில் ஒரு கொத்தனார் 1865இல் இதற்கு விடை கண்டார். கூரை ஓட்டை எடுத்துச் சுண்ணாம்புக் கலவையில் முக்கிக் காயவைத்துக் கடலில் அடுக்கினார். குஞ்சு சுண்ணாம்பின் மேல் ஒட்டும். சுரண்டினால் சுண்ணாம்போடு பெயர்ந்து வரும், சிப்பிக்குச் சேதமில்லை. பேராசிரியர் காட்டிய வழியைக் கொத்தனாரின் சுண்ணாம்பு முடித்துவைத்தது.

கான்கால் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1920ஐ ஒட்டி நோய் வந்து இயற்கைத் தட்டைச் சிப்பித் திட்டுகள் செத்து விழுந்தன. பிறகு 1960களின் முடிவிலும் 1970களின் முடிவிலும் தட்டைச் சிப்பிக்கு இரண்டு ஒட்டுண்ணி நோய்கள் பிரான்சில் பரவின. வேறு கரைகளில் வளர்ந்துவந்த போர்த்துகீசியச் சிப்பியும் 1970க்குப் பின் சில ஆண்டுகளில் வைரஸால் அழிந்தது. என்ன செய்வது? ஜப்பானிலிருந்தும் கனடாவின் மேற்குக் கரையிலிருந்தும் கிண்ண வடிவப் பசிபிக் சிப்பியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இன்று கான்கால் மேசைகளில் பெரும்பாலும் இருப்பது அந்த ஜப்பான் இனம்தான். நாட்டுத் தட்டைச் சிப்பியும் முற்றாகப் போய்விடவில்லை. ஆழத்தில் இன்னும் கொஞ்சம் வளர்க்கிறார்கள். பல ஆண்டு வயதான, குதிரைக் குளம்பளவு பெரிய காட்டுச் சிப்பியும் விரிகுடாவில் கிடைக்கிறது.

கான்கால் நீர் குளிர்ந்தது. அங்கே குஞ்சு பொரிப்பது எளிதல்ல. அதனால் குஞ்சு பெரும்பாலும் ஆர்க்கஷோன் பக்கமிருந்தும் சாரந்து பக்கமிருந்தும் வரும். கான்காலின் வேலை வளர்ப்பது. பைகளில் போட்டு மேசையில் வைத்து, மூன்று நான்கு ஆண்டுகள் பார்த்துக்கொள்ள வேண்டும். உதறாமல் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கோணலாகும். நெருக்கமாக விட்டால் இளைக்கும். வளர வளரப் பையின் கண்ணைப் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் குறைத்து மாற்ற வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கட்டம். சிப்பிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்! சந்தைக்குப் போகுமுன், அதிக நேரம் நீரில்லாமல் இருக்கும் மேட்டுப் பகுதிக்கு அதை மாற்றுவார்கள். தண்ணீர் போனதும் வாயை இறுக மூடிக்கொள்ளச் சிப்பி பழகும். அப்படிப் பழகிய சிப்பிதான் பெட்டியில் தன் நீரை இழக்காமல் பயணம் போகும்.

லா ஊல் கலங்கரை விளக்கத்தின் அடியில் சிப்பிக் கடைகள் இருக்கின்றன. கோடு போட்ட துணிப் பந்தல், தள்ளுவண்டி அளவுக் கடைகள். எண் போட்டு விற்பார்கள். எண் கூடக் கூடச் சிப்பி சின்னது. மூன்றாம் எண் கிண்ணச் சிப்பி 66 முதல் 85 கிராம் இருக்கும், ஐந்தாம் எண் 30 முதல் 45 கிராம். கடைக்காரப் பெண் கையில் குட்டையான கத்தி. சிப்பியின் பக்கவாட்டில், ஓட்டை இழுத்துப் பிடித்திருக்கும் தசை இருக்கும் இடத்தில் நுனியைச் செருகி ஒரு திருப்பு. மூடி கழன்றுவிடும். உள்ளே இருக்கும் முதல் நீரைக் கொட்டிவிட்டுச் சற்று வைத்தால் அது தானே இரண்டாவது நீர் விடும். அதுதான் ருசி என்பார்கள். எலுமிச்சைத் துண்டோடு தட்டில் வாங்கி, கடலைப் பார்த்த படிக்கட்டில் உட்கார்ந்து உண்பார்கள். ஓட்டைக் கீழே கரையிலேயே போட்டுவிடுவார்கள். அங்கே வெள்ளை வெள்ளையாக ஓட்டுக் குவியலே கிடக்கும்.

இந்த ஊரில் சமைத்த ஒருவரையும் புதுச்சேரியில் சொல்லியாக வேண்டும். ஒலிவியே ரோலாஞ்சே. கான்காலில் பிறந்து, தான் வளர்ந்த வீட்டையே உணவகமாக்கி, 2006இல் மிஷ்லேன் மூன்று நட்சத்திரம் பெற்றவர். 2008இல் அந்த உணவகத்தைத் தானே மூடியவர். அவர் பெயர் வாங்கிய மீன் பதார்த்தத்தின் பெயர் ‘இந்தியாவிலிருந்து திரும்புகை’. மஞ்சளும் கொத்தமல்லியும் சேர்ந்த மசாலாப் பொடியில் செய்தது. சேன் மாலோ கப்பல்கள் நம் கரைக்கு வந்துபோன காலத்தின் நினைவு அது. 1746இல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே சேன் மாலோவில் பிறந்தவர்தானே. பீரங்கியோடு போன வழியில் மசாலாவும் போயிற்று. எனக்கு அந்த மசாலாதான் பெரிதாகத் தெரிகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இப்போது கான்கால் நிம்மதியாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2008இலிருந்து ஒரு ஹெர்பீஸ் வகை வைரஸ் பிரான்சின் கரையெங்கும் சிப்பிக் குஞ்சுகளைக் கோடைதோறும் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வகை நத்தை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிக்கொண்டு விரிகுடாவின் அடித்தரையை மூடிவருகிறது. எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறொன்று. ஒரு சிப்பி மணிக்குப் பல லிட்டர் கடல் நீரை வடிகட்டும். கரையில் நாம் எதை ஊற்றினாலும் அது சிப்பிக்குள் தங்கும். கனமழையில் சாக்கடை நிரம்பிக் கடலில் கலந்தால், மனிதக் குடலின் வைரஸ் சிப்பிக்குள் போய்விடும். 2023 டிசம்பர் முடிவில், பண்டிகை விற்பனை உச்சத்தில் இருந்தபோது, ஆர்க்கஷோன் சிப்பி விற்பனைக்கு அரசு தடை போட்டது. சாக்கடையைக் கலக்கவிட்டது யார்? தண்டனை யாருக்கு? மூன்று ஆண்டு பாடுபட்டு வளர்த்தவர்களுக்கு! இதைக் கேட்டுவிட்டு கழிவு கலக்கும் நம் எண்ணூர் முகத்துவாரத்தை நினைக்காமல் இருக்க முடிகிறதா, நண்பர்களே?

நம் கரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், ஆர்க்கஷோன் சிப்பி வளர்ப்பையும் அதிலிருந்து இந்தியா கற்கவேண்டியதையும் பற்றி 1910இல் ஒரு நூலே எழுதினார். பழவேற்காட்டில் சிப்பி வளர்க்கவும் முயன்றார். நம் உப்பங்கழிகளில் விளையும் சிப்பி இனத்தின் அறிவியல் பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது. 1970களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் அந்தச் சிப்பியை வளர்த்துக் காட்டியது. குஞ்சு பிடிக்க என்ன வைத்தார்கள் தெரியுமா? நாட்டு ஓடு, மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஆர்க்கஷோன் கொத்தனார் முக்கிய அதே சுண்ணாம்பு. ஆக வித்தை நம்மிடம் வந்து நெடுநாளாகிறது. மீன்வளம் படிக்கும் பிள்ளைகள் இந்த அவையில் இருந்தால், தூத்துக்குடிக்குப் போய், அந்த ஓடுகள் இறக்கிய உப்பங்கழியில் இன்று என்ன தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். வந்து இதே மேடையில் பேசுங்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.